பருத்திக் காட்டு மருந்தும் ஐந்தாம் மாதக் கர்ப்பமும்: எப்போது இரத்தப் பரிசோதனை?

பெரம்பலூர் அருகே எங்கள் வீட்டை ஒட்டிய பருத்திக் காட்டில் 15 நாளுக்கு ஒருமுறை மருந்தடிக்கிறார்கள். ஐந்தாம் மாதக் கர்ப்பிணியான என் மனைவிக்குக் கடந்த இரண்டு முறையும் அன்று மாலையே தலைவலியும் குமட்டலும் கண்ணில் நீர் வடிதலும் ஏற்பட்டு, மறுநாள் தணிந்தன. வரப்பில் கிடந்த காலி பாட்டிலில் 'குளோர்பைரிபாஸ் 20 ஈ.சி.' என்று பூச்சிக்கொல்லியின் பெயர் இருந்தது. தொப்புள்கொடி இரத்தத்தில் இம்மருந்து மிகுதியாக இருந்த நியூயார்க் குழந்தைகளுக்கு 7 வயதில் நினைவாற்றல் சற்றுக் குறைந்திருந்ததாகக் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

ஜன்னல்களை அடைத்தோம், கொடியில் காய்ந்த துணிகளை மறுபடி துவைத்தோம். காட்டுக்காரர் நல்ல மனிதர், முன்கூட்டியே சொல்வதாக ஏற்றுக்கொண்டார், ஆனால் காற்று யார் பேச்சையும் கேட்பதில்லை. 20-ஆம் வார ஸ்கேன் இயல்பாக உள்ளது. மருத்துவர் 'பயப்பட வேண்டாம்' என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

அடுத்த தெளிப்புக்கு ஒன்பது நாள் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கோலினெஸ்டரேஸ் (இவ்வகைப் பூச்சிமருந்து உடலில் ஏறினால் செயல்பாடு குறையும் நொதி) இரத்தப் பரிசோதனையை இப்போதே எடுத்து வைக்க வேண்டுமா, அல்லது தெளித்த பிறகு எடுத்தால் போதுமா?