பருத்தித்துறைக்கு இனி எந்தத் தண்ணி?

துலாக்கிணறு:
வடமராட்சி கிழக்குத் தலையடியில கடல்தண்ணியை நன்னீராக்கிற நிலையம் 2024 ஓகஸ்ட்டில திறந்தாச்சு. நாளுக்கு 24,000 கனமீற்றர். இதோட தண்ணிப் பிரச்சினை தீர்ந்துது எண்டு சனம் கதைக்குது. எனக்கு அதில உடன்பாடில்லை. எங்கட தண்ணி எங்கட காலுக்குக் கீழ இருக்கு. சுண்ணாம்புக்கல்லுக்குள்ள ஊறின மழைத்தண்ணி, உப்புத்தண்ணிக்கு மேல மிதந்துகொண்டு நிக்குது. குளங்களைத் தூர்வாரி, கடல்தண்ணி உள்ள வராம மறிக்கிற தொண்டைமானாற்றுக் கதவுகளை ஒழுங்காப் பராமரிச்சா அது பெருகும். பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல போட்ட திட்டமும் இருக்கு: கனகராயன் ஆற்றால ஆனையிறவு நீரேரிக்கு வாற தண்ணியை முள்ளியான் வாய்க்கால் வெட்டி வடமராட்சி நீரேரிக்குத் திருப்பி, கடலுக்குப் போகாம மறிக்கிறது. இப்பவும் அதைத்தான் செய்யவேணும்.

முனைக்கரை:
அண்ணை, உங்கட கிணத்துத் தண்ணியை ஆய்வுகூடத்தில குடுத்துப் பாத்தனீங்களோ? குடிதண்ணியில நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாது. வலிகாமத்துத் தோட்டப் பக்கம் கன கிணறுகள் அதைத் தாண்டிட்டுது. யூரியாவும் மலசலகூடக் குழியும் நீங்கள் சொல்லுற அதே கல்லு வெடிப்புக்குள்ளாலதான் இறங்குது. கொதிக்க வைச்சாலும் போகாது. தண்ணி வத்த வத்த இன்னும் கூடும். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிற தாய்க்கு என்ன சொல்லுவீங்கள்? சுன்னாகத்துக் கிணறுகளில எண்ணெய் கலந்து அந்தச் சனம் தண்ணிப் பவுசருக்காகக் காத்து நிண்டதை நான் மறக்கேல்லை.

வன்னிவயல்:
ஆனையிறவுக்கு வாறது கிளிநொச்சி இரணைமடுக் குளத்துக்கால வாற தண்ணி. யாழ்ப்பாணத்துக்கு முதல்ல இரணைமடுவில இருந்துதான் குழாய் போடப் பாத்தவை. கிளிநொச்சி விவசாயிகள் நாங்கள் எதிர்த்தம். மழை குறைஞ்ச சிறுபோகத்துக்கு முழுக் காணியும் விதைக்கத் தண்ணி காணாது. இருக்கிறதைப் பங்கு பிரிச்சுத்தான் விதைக்கிறம். அதுக்குள்ள குடிதண்ணிக்கும் குடு எண்டா எங்க போறது?

துலாக்கிணறு:
தம்பி, குளத்துத் தண்ணியில நான் கை வைக்கேல்லை. 2018 மார்கழியில இரணைமடு வான்கதவுகளைத் திறந்துவிட்ட வெள்ளம் ஊர்களை மூடினது. அந்தத் தண்ணியில ஒரு பங்கையாவது மறிச்சிருக்கலாம்.

வன்னிவயல்:
வான் பாயாத வருசத்தில என்ன செய்வியள்? நீரேரி ஆழமில்லாதது. பங்குனி வெயிலுக்கே வத்தத் தொடங்கும். நிலத்தில ஊறிக் கிடக்கிற உப்புக் கழுவுப்படவே வருசக்கணக்காகும். மழையை நம்பி வயல் செய்யலாம் அண்ணை, ஒரு பட்டினத்துக்குக் குடிதண்ணி குடுக்க ஏலாது.

கரைவலை:
நிலையம் இருக்கிற கரையில இருந்து எழுதுறன். ஒரு லீற்றர் நல்லதண்ணி எடுக்க ஏறக்குறைய ஒண்டரை லீற்றர் செறிஞ்ச உப்புத்தண்ணி திரும்பக் கடலுக்குப் போகும். கரையோர மீனுக்கும் இறாலுக்கும் அது என்ன செய்யும் எண்டு எங்களுக்குப் பயம். மாசாமாசம் அளந்து, அந்தக் கணக்கைச் சங்கங்களுக்குத் தரவேணும். கரண்டையும் பாருங்கோ: கடல்தண்ணியை நன்னீராக்க ஒரு கனமீற்றருக்கு 3 முதல் 4 அலகு வேணும். முழு அளவில ஓடினா நாளுக்கு 70,000 அலகுக்கு மேல. அந்தக் காசு கடைசியில ஆற்ற பில்லில வந்து நிக்கும்?

முனைக்கரை:
கரைவலை கேக்கிறது நியாயம், அளவீட்டை வெளியிடத்தான் வேணும். செலவுக்காகத்தான் சொல்லுறன், குழாய்த்தண்ணி குடிக்கவும் சமைக்கவும் மட்டும். குளிக்க, தோய்க்க, தோட்டத்துக்குக் கிணறு. குடிக்கிறதுக்கு மட்டும் எண்டா பில்லும் தாங்கக்கூடியதா இருக்கும்.

துலாக்கிணறு:
பிள்ளை, அங்கதான் எனக்குப் பயம். குழாய் வந்தாக் கிணத்தை ஆரும் கவனிக்கமாட்டினம். மோட்டரைப் போட்டு மணிக்கணக்கா இறைக்க, கீழ கிடக்கிற உப்பு மேல ஏறும். ஒருக்கா உப்பாகிச் சவரான கிணறு லேசில திரும்பாது. தலையடியில ஒரு கிழமை இயந்திரம் நிண்டா என்ன குடிக்கிறது? குழாய் இணைப்புக் குடுக்கிற ஒவ்வொரு வளவிலயும் மலசலகூடக் குழி கிணத்தில இருந்து எவ்வளவு தூரம் எண்டு நகரசபை முதல்ல அளக்கட்டும். கிட்ட இருக்கிற குழியளை அடியும் பக்கமும் சீமெந்தால மூடின தாங்கியா மாத்தக் காசு குடுக்கட்டும். அதுக்கு ஒத்துக்கொண்டா குழாய் கேக்கிற உங்கட மனுவில நானும் கையெழுத்து வைக்கிறன்.

முனைக்கரை:
தாங்கி நிரம்பினா இழுக்க வண்டி வேணும், இழுத்ததைக் கொண்டுபோய்ச் சுத்திகரிக்க இடம் வேணும். அதையும் சேர்த்து எழுதுங்கோ அண்ணை, கையெழுத்துச் சேர்க்கிறதை நான் பாக்கிறன்.