கோல்டன்ஐ 007: ஸ்விட்ச் பதிப்பின் கட்டுப்பாட்டு அமைப்பு குறித்து உதவி தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம். 1997இல் ரேர் நிறுவனம் நின்டெண்டோ 64 கருவிக்காக உருவாக்கிய, ஜேம்ஸ் பாண்டாகச் சுட்டு விளையாடும் கோல்டன்ஐ 007 விளையாட்டை, 2023 ஜனவரியில் வெளிவந்த நின்டெண்டோ ஸ்விட்ச் கருவிக்கான பதிப்பில், திரையை நான்காகப் பிரித்து என் தம்பி தங்கைகளுடன் விளையாட விரும்புகிறேன். 2010இல் நின்டெண்டோவின் வீ கருவிக்காக யூரோகாம் நிறுவனம் செய்த மறு உருவாக்கம் நல்ல படைப்புதான். ஆனால் அதில் பாண்டாக பியர்ஸ் பிராஸ்னனின் இடத்தில் டேனியல் கிரெய்க் வருகிறார், கதையும் மாறிவிடுகிறது. எனக்கு வேண்டியது மூல விளையாட்டே.

நின்டெண்டோ 64இன் பழைய கன்ட்ரோலரில் ஒரே ஒரு அனலாக் ஸ்டிக்தான் (எல்லாத் திசைகளிலும் சாய்க்கும் குச்சி) இருந்தது. நடப்பதும் திரும்புவதும் அதில் அமைய, பக்கவாட்டில் நகர்வதும் மேலும் கீழும் பார்ப்பதும் சி பொத்தான்களுக்குப் போயின. ஸ்விட்ச் பதிப்பு இதை அப்படியே பின்பற்றி, சி பொத்தான்களின் வேலையை வலது ஸ்டிக்கிற்குக் கொடுத்திருப்பதால், இடது ஸ்டிக்கில் நடந்து வலது ஸ்டிக்கில் பார்க்கும் இன்றைய முறைக்குப் பழகிய கைகள் தடுமாறுகின்றன. விளையாட்டுக்குள், ஸ்டிக்கில் பார்வையும் சி பொத்தான்களில் நடையும் அமையும் '1.2 சாலிடேர்' என்ற கட்டுப்பாட்டு முறையைத் தேர்ந்தெடுத்து, ஸ்விட்சின் அமைப்புகளில் இரண்டு ஸ்டிக்குகளையும் இடம் மாற்றினால் நடையும் பார்வையும் சரியாகிவிடுகின்றன. ஆயினும் அந்த மாற்றம் மற்ற விளையாட்டுகளையும் பாதிக்கிறது. சுடுவதும் இடப்புற இசட்எல் (ZL) பொத்தானிலேயே நிற்கிறது.

சுடும் பொத்தானை வலப்புறம் கொண்டுவர எவற்றை மாற்றுவது நல்லது? நான்கு கன்ட்ரோலர்களுக்கும் இந்த அமைப்பை விரைவாகப் போடவும் நீக்கவும் நீங்கள் கையாளும் வழி என்ன? நால்வராக விளையாடிப் பார்த்தவர்கள் தங்கள் அமைப்பை விவரமாக எழுதினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.