புகைபிடிக்காத அம்மாவுக்கு சிஓபிடி: எங்கள் வீட்டில் நடந்தது

(ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது எழுதியவரின் ஊர்.)

முதுகுளத்தூர்

அம்மாவுக்கு 63 வயது. பீடி, சிகரெட், வெற்றிலையோடு புகையிலை, எதுவும் தொட்டதில்லை. போன வருடம் மருத்துவர் சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய்கள் சுருங்கிக் காற்று வெளியேற முடியாமல் போகிற நாள்பட்ட நுரையீரல் நோய் என்றதும், "அது புகை குடிக்கிறவங்களுக்கு வர்றதாச்சே டாக்டர்" என்றுதான் கேட்டேன். "வீட்டில் எத்தனை வருஷம் விறகு அடுப்பு?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

30 வருடத்துக்கு மேல். அம்மா திண்ணையில் இட்லிக்கடை போட்டிருந்தார். விடிகாலை நாலு மணிக்குப் பற்ற வைக்கிற அடுப்பு ஒன்பது மணி வரை அணையாது. எரிப்பது சீமைக்கருவேலம், எங்கள் பக்கம் காசில்லாமல் கிடைப்பது அதுதான். மழைக்காலத்து ஈர விறகை ஊதாங்குழல் வைத்து ஊதி ஊதித்தான் பிடிக்க வைப்பார். கண் எரிகிறது என்று நாங்கள் வெளியே ஓடிவிடுவோம். அவர் அங்கேயே இருப்பார். கேஸ் வந்த பிறகும் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகுதான்.

எப்போது தொடங்கியது என்று இப்போது யோசித்தால் புரிகிறது. இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று என்று குடம் சுமந்தவர் ஒரு குடமாக்கினார். அப்புறம் அரைக்குடம். அப்புறம் தம்பி மனைவி எடுக்கட்டும் என்றார். சந்தைக்குப் போவதை விட்டார். "மூச்சு வாங்குது" என்று ஒருநாளும் சொல்லவில்லை. மூச்சு வாங்குகிற வேலைகளை ஒவ்வொன்றாகக் கைவிட்டுக்கொண்டே வந்திருக்கிறார். வயசாகிவிட்டது என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

காலையில் இருமலும் சளியும். பனிக்காலத்தில் நெஞ்சில் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி சத்தம். ஊசி, டானிக், நெபுலைசர் என்று ஐந்து வருடம் போனது. வீசிங் என்றார்கள், அலர்ஜி என்றார்கள். சளி சோதித்து டிபி இல்லை என்றார்கள். எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றுமில்லை என்றார்கள். ஊதிப் பார்க்கிற டெஸ்ட், அதுதான் ஸ்பைரோமெட்ரி, அதை மட்டும் ஒருவரும் எழுதித் தரவில்லை. எனக்கு இன்றும் ஆறாதது இதுதான். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் இந்த நோய் இருக்கலாம்; ஊதிப் பார்க்காமல் உறுதி செய்ய முடியாது.

கடைசியில் மதுரையில் ஒரு நுரையீரல் மருத்துவர் அதைச் செய்யச் சொன்னார். மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் அட்டைக் குழாயைக் கொடுத்து, "நல்லா இழுத்து வேகமா ஊதுங்கம்மா, விடாதீங்க, இன்னும், இன்னும்" என்று அந்தப் பெண் கத்தினார். அம்மா குழாயை ஊதாங்குழல் பிடிக்கிற மாதிரியே பிடித்திருந்தார். முதல் வினாடியில் வந்த காற்று கொஞ்சம்தான். மிச்சம் கசிந்து கசிந்து வந்துகொண்டே இருந்தது. கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. மூன்று தடவை ஊதி, பஃப் (மூச்சுக்குழாயை விரிக்கிற இன்ஹேலர் மருந்து) கொடுத்து, கொஞ்ச நேரம் உட்கார வைத்து, மறுபடி மூன்று தடவை.

பஃப் எடுத்த பிறகு ஊதும்போது, வெளியே வருகிற மொத்தக் காற்றில் 70 சதவீதமாவது முதல் வினாடியிலேயே வந்துவிட வேண்டும். அம்மாவுக்கு வந்தது 54. ஆஸ்துமா என்றால் பஃப் எடுத்ததும் பெரும்பாலும் நன்றாக ஏறுமாம், இங்கே ஏறவில்லை. முதல் வினாடிக் காற்று, அவர் வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டியதில் 46 சதவீதம். 30-லிருந்து 49 வரை என்றால், நோயின் நான்கு நிலைகளில் மூன்றாம் நிலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கருவியில் போட்டு உறிஞ்ச வேண்டிய கேப்சூலை முதல் நாலு நாள் அம்மா தண்ணீர் ஊற்றி விழுங்கியிருக்கிறார். மாத்திரைக் கடையில் யாரும் காட்டித் தரவில்லை, நானும் பக்கத்தில் இல்லை. வாங்குகிற அன்றே ஒரு தடவை எதிரில் உட்கார்ந்து எடுக்கச் சொல்லிப் பாருங்கள்.

திண்டுக்கல்

என் அப்பாவுக்கும் சிஓபிடி, பீடியால் வந்தது. இன்ஹேலர் எழுதிக் கொடுத்ததும் "பஃப் பழகிட்டா விட முடியாது, மாத்திரையே போதும்" என்று சொந்தக்காரர்கள் எல்லாம் சொன்னார்கள். இரண்டு வருடம் வீணானது. பஃபில் போகிற மருந்து மைக்ரோகிராம் கணக்கு, நேராக நுரையீரலுக்கே போகிறது என்று மருத்துவர் வரைந்து காட்டிய பிறகுதான் அப்பா சம்மதித்தார். ஸ்டீராய்டு கலந்த பஃப் என்றால் எடுத்தவுடன் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். அப்பா அதைச் செய்யாமல் நாக்கெல்லாம் வெள்ளை படிந்து சாப்பிட முடியாமல் கஷ்டப்பட்டார்.

பீடியை விட்டது 1800-11-2356 என்ற எண்ணுக்குப் பேசிய பிறகு. இலவச எண். பாதித்த நுரையீரல் பழையபடி ஆகாது, ஆனால் இனி தேய்கிற வேகம் குறையும் என்றார்கள். அப்பாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

கோவை

எங்கள் வீட்டில் பட்டதைச் சொன்னால் இன்னொருவர் வீட்டில் நடக்காமல் இருக்கும் என்று எழுதுகிறேன். மாமனார் பஞ்சு மில்லில் 28 வருடம் வேலை பார்த்தவர், கூடவே பீடி. அவருக்கும் சிஓபிடி, நான்காம் நிலை. வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின், நிமிடத்துக்கு 1 லிட்டர், ஒரு நாளைக்குக் குறைந்தது 15 மணி நேரம்.

ஒருநாள் ராத்திரி சளி பிடித்து, ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்க விரலில் மாட்டுகிற மீட்டர் 89 காட்டியது. பயந்துபோய் கொழுந்தனார் 5 லிட்டருக்குத் திருப்பிவிட்டார். 97 வந்தது. நிம்மதியாகப் படுத்தோம். விடியும்போது மாமா எழுந்திருக்கவில்லை. தட்டினால் கண் திறக்கிறார், பேச்சு குளறுகிறது, மறுபடி தூங்குகிறார். ஆஸ்பத்திரியில் மணிக்கட்டு ரத்தக்குழாயில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஆக்சிஜன் அதிகமானதால் கரியமில வாயு தேங்கிவிட்டது என்றார்கள். இரண்டு நாள், மூச்சுவிட உதவியாகக் காற்றை அழுத்திக் கொடுக்கிற பைபேப் மாஸ்க். அவருக்கு 88-லிருந்து 92 இருந்தால் போதும், அதற்கு மேல் ஏற்றக் கூடாது என்று அங்கேதான் முதன்முதலாகக் கேட்டோம். அதற்காகப் பயந்து ஆக்சிஜனை நிறுத்தவும் கூடாது. அளவு மருத்துவர் சொன்னதாக இருக்க வேண்டும், குறைந்தால் உடனே கூப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது மெஷின் மேல் "1 லிட்டர், கை வைக்காதே" என்று காகிதம் ஒட்டியிருக்கிறோம். சாமி விளக்கையும் அந்த அறையிலிருந்து எடுத்துவிட்டோம். ஆக்சிஜன் பக்கத்தில் நெருப்பு கூடாது.

விருதுநகர்

அக்கா, என் அம்மாவும் இதே மாதிரிதான், 58 வயது. குடம் பற்றி எழுதியதைப் படித்ததும் பயந்துவிட்டேன். எங்கே போய் என்னவென்று கேட்பது?

முதுகுளத்தூர்

பயப்படாதே தம்பி. மருத்துவக் கல்லூரி இருக்கிற அரசு மருத்துவமனையில் நெஞ்சக நோய்ப் பிரிவு என்று கேள். விறகு அடுப்புக் கதையை நீயே முதலில் சொல்லிவிடு, அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதே. "ஊதுற டெஸ்ட் எடுக்கலாமா" என்றும் கேள். சளிக் காய்ச்சல் இருந்தால் அது தணிந்த பிறகு எடுப்பார்கள். பஃப் எடுக்கிறார் என்றால் டெஸ்டுக்கு முன்னால் எத்தனை மணி நேரம் நிறுத்த வேண்டும் என்று விசாரித்துக்கொள். ஃப்ளூ காய்ச்சல் தடுப்பூசி வருடா வருடம், நிமோனியா தடுப்பூசி, இரண்டையும் மறக்காமல் கேள். சளி திடீரென்று அதிகமாகி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறி, மூச்சு வாங்குவதும் கூடினால் அன்றைக்கே போய்விட வேண்டும், ஒரு வாரம் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

எங்கள் அம்மாவுக்கு பிசியோ பெண் மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். மூக்கால் இரண்டு எண்ணி இழுத்து, உதட்டைக் குவித்து நாலு எண்ணி மெதுவாக விட வேண்டும். அம்மாவுக்கு அது வரவே இல்லை, வேகமாக ஊதிவிடுவார். "அடுப்பை ஊதாதீங்கம்மா, கஞ்சியை ஆத்துற மாதிரி ஊதுங்க" என்றதும் பிடித்துக்கொண்டார். தினமும் சாயங்காலம் கண்மாய்க் கரை வரைக்கும் நடக்கிறார். முதலில் ஐந்து இடத்தில் நிற்பார். இப்போது இரண்டு.