‘இட்’ எதைக் குறிக்கிறது? எதையுமே குறிக்காத ‘இட்’டை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி:
ஆங்கில மாதிரித் தேர்வில் வந்த வாக்கியம் இது.

“இட் இஸ் கிளியர் தட் த கம்பெனி சோல்ட் த பில்டிங் பிகாஸ் இட் நீடட் மனி.”

இரண்டு ‘இட்’டும் எதைக் குறிக்கின்றன என்று கேட்டிருந்தார்கள். விடைக்குறிப்பில் முதலாவதற்கு “எந்தப் பெயர்ச்சொல்லையும் இல்லை”, இரண்டாவதற்கு “கம்பெனி” என்று இருக்கிறது. ப்ரனவுன் என்றால் முன்னால், பக்கத்தில் இருக்கும் பெயர்ச்சொல்லைக் குறிக்கும் என்றுதானே படித்தோம்? அப்படியானால் இரண்டாவது ‘பில்டிங்’ இல்லையா? முதலாவது எதற்குத்தான் அங்கே நிற்கிறது?

பதில் 1:
முதலாவது டம்மி. கட்டளை வாக்கியம் போன்ற சிலவற்றை விட்டால், எழுவாய் இடத்தைக் காலியாக விட ஆங்கிலத்துக்கு மனசு வராது. உண்மையான எழுவாய் ‘தட்’ என்று தொடங்கும் நீளமான பகுதி. அது பின்னால் போய்விட்டதால், முன்னால் ‘இட்’டை வைத்துத் துண்டு போட்டு இடம் பிடித்திருக்கிறார்கள். நமக்கு இது வித்தியாசமாகத் தெரிவது இயல்புதான். “கம்பெனி கட்டடத்தை விற்றது தெளிவு” என்று எழுதும்போது கூடுதலாக ஒரு ‘அது’ தேவைப்படுவதில்லை.

“இட் இஸ் ரெய்னிங்”, “இட் இஸ் ஃபைவ் ஓ கிளாக்” இன்னும் ஒரு படி மேலே. அங்கே பின்னால் வரப்போகிற ஆளும் கிடையாது.

சுலபமான வழி: ‘இட் இஸ்’ஸுக்குப் பிறகு ஒரு பண்புச்சொல், அதற்கப்புறம் ‘தட்’ அல்லது ‘டு’ வந்தால் டம்மி என்று குறித்துவிடலாம்.

பதில் 2:
அந்தச் சுலப வழியை நம்பிப் போனால் மாட்டிக்கொள்வீர்கள். “த மெஷின் இஸ் ஓல்ட். இட் இஸ் ரெடி டு பி ரிப்ளேஸ்ட்.” இதிலும் பண்புச்சொல், ‘டு’ எல்லாம் இருக்கின்றன. ஆனால் ‘இட்’ மெஷின்தான். பின்பகுதியை முன்னால் தூக்கி வைத்துப் பாருங்கள். “டு பி ரிப்ளேஸ்ட் இஸ் ரெடி” பொருள் தருகிறதா? இல்லை. “தட் த கம்பெனி சோல்ட் த பில்டிங் இஸ் கிளியர்” சரியாக நிற்கிறது. நின்றால் டம்மி, நிற்காவிட்டால் நிஜ ப்ரனவுன்.

இரண்டாவது ‘இட்’டுக்கு வருவோம். பக்கத்தில் இருப்பதைக் குறிக்கும் என்பது விதியே இல்லை, பல நேரம் ஒத்துப்போகும் பழக்கம், அவ்வளவுதான். பணம் தேவைப்படுவது கட்டடத்துக்கா, கம்பெனிக்கா? கடைசிப் பகுதியை “பிகாஸ் இட் வாஸ் லீக்கிங்” என்று மாற்றுங்கள், உடனே ‘இட்’ கட்டடம் ஆகிவிடும். இலக்கணம் அப்படியே இருக்க, பொருள்தான் முடிவு செய்கிறது. கணினி விஞ்ஞானி டெர்ரி வினோகிராட் 1972-லேயே இப்படி ஒரு சொல்லை மாற்றினால் ‘தே’ யார் என்பதே மாறிவிடும் உதாரணத்தைக் காட்டினார். கணினிக்கே பல காலம் தண்ணி காட்டிய விஷயம் இது.

இரண்டு பெயரும் பொருந்தினால்? “த டீச்சர் டோல்ட் ஹெர் சிஸ்டர் தட் ஷி ஹேட் வன்.” ஜெயித்தது யார்? பிழை கண்டுபிடிக்கும் கேள்வியில் பெரும்பாலும் அந்த ‘ஷி’தான் பிழை.

கேட்டவர்:
இப்போது புரிகிறது. “ஐ ஃபைண்ட் இட் டிஃபிகல்ட் டு ஸ்லீப்”, அப்புறம் ‘தேர் இஸ்’, ‘தேர் ஆர்’ எல்லாம் இதே கதைதானா?

பதில் 2:
முதலாவது அதே கதை, இடம் மட்டும் செயப்படுபொருள் இடம். ‘இட்’டை விட்டுவிட்டு “ஐ ஃபைண்ட் டிஃபிகல்ட் டு ஸ்லீப்” என்று கொடுத்து ஏமாற்றப் பார்ப்பார்கள்.

‘தேர்’ கொஞ்சம் வேறு. வினைச்சொல் பின்னால் வரும் பெயர்ச்சொல்லைப் பார்த்து மாறும்: “தேர் ஆர் டூ ரீசன்ஸ்”. ஆனாலும் “தேர் இஸ் எ ப்ராப்ளம், இஸின்ட் தேர்?” என்று கேள்வி வாலில் ‘தேர்’தான் திரும்ப வரும்.

கேட்டவர்:
“ஷி பாட் எ கேமரா. இட் இஸ் ஈஸி டு யூஸ்.” இது டம்மியா?

பதில் 1:
இல்லை, கேமராதான். ‘யூஸ்’ஸுக்குப் பின்னால் எதை என்பது காணவில்லை, பாருங்கள். “இட் இஸ் ஈஸி டு யூஸ் த கேமரா” என்றிருந்தால் டம்மி. என் சுலப வழி இங்கேயும் தேறவில்லை, பதில் 2 சொன்னபடி தூக்கி வைத்தே பாருங்கள்.