ஸ்னேர் போட்டும் பாலிப் அறுபடவில்லை, மெஷினில் அலாரமும் இல்லை: உதவி தேவை

எண்டோ டெக் (டெல்டா)

வணக்கம். தனியார் மருத்துவமனை ஒன்றில் நாலு வருடமாக எண்டோஸ்கோபி டெக்னீஷியனாக இருக்கிறேன். இரண்டு வாரமாக ஒரே பிரச்சினை. இரவில் தூக்கம் பிடிக்கவில்லை.

முதல் கேஸ் 58 வயது அம்மா. வலப்பக்கப் பெருங்குடலில் தட்டையான பாலிப் (குடலின் உட்சுவரில் வளரும் சதை), சுமார் 15 மில்லிமீட்டர். சலைன் ஏற்றி உப்ப வைத்து டாக்டர் ஸ்னேர் (பாலிப்பைச் சுற்றி இறுக்கும் வளையக் கம்பி) போட்டார். நான் கைப்பிடியை இறுக்க, அவர் பெடலை மிதித்தார். கம்பிக்குக் கரன்ட் கொடுத்துத் திசுவைச் சுட்டு அறுக்கும் கௌட்டரி மெஷினில் சத்தம் வருகிறது, விளக்கு எரிகிறது, ஆனால் திசு வெளுக்கவே இல்லை. "கொஞ்சம் ஏத்துப்பா" என்றார். 30 வாட்டிலிருந்து 40 வைத்தேன், அப்புறம் 50. மூன்றாவது மிதியில் பட்டென்று அறுந்தது. அறுந்த இடம் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளை.

மறுநாள் இரவு அந்த அம்மா காய்ச்சலும் வயிற்று வலியுமாக வந்தார். சிடி எடுத்ததில் ஓட்டை எதுவும் இல்லை. ஆகாரம் நிறுத்தி, டிரிப்ஸும் ஆன்டிபயாடிக்கும் ஏற்றி நான்கு நாள் வைத்திருந்து அனுப்பினோம். இப்போது நலம். வாட்டை ஏற்றியது என் கைதான் என்பது மனதை விட்டுப் போகவில்லை.

நேற்று இன்னொருவர், காம்புள்ள பாலிப். அதே கதை. ஸ்னேரை மாற்றிப் பார்த்தும் அறுபடவில்லை. இந்த முறை டாக்டர் வாட்டை ஏற்றாமல் நிறுத்திவிட்டார். கரன்ட் மெஷினுக்குத் திரும்புவதற்காகப் பேஷண்டின் தோலில் ஒட்டும் பிளேட் பழைய வகை, ஒற்றைப் பிளேட். எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

ஸ்கோப் ரூம் சிஸ்டர்

தம்பி, முதலில் பிளேட்டைப் பாருங்கள். இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்து ஒட்டுவோம். ஸ்கோப் போகவில்லை என்றால் நிமிர்த்துவோம், வலப்பக்கம் திருப்புவோம். அதற்குள் பிளேட்டின் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டுவிடும். பேதி மருந்துத் தண்ணீர் கசிந்து அடியிலும் போய்விடும். பேஷண்டைத் திருப்பினால் போர்வையை விலக்கி, பிளேட்டைக் கையால் ஒரு முறை தடவிப் பார்த்த பிறகுதான் பெடல் என்று எங்கள் அறையில் வைத்திருக்கிறோம். தொடையில் முடி இருந்தால் எடுத்துவிட்டு ஒட்டுங்கள். பாதி ஒட்டிய பிளேட் வேலை செய்யாமல் போனால்கூடப் பரவாயில்லை. ஒட்டிய கொஞ்ச இடத்தில் கரன்ட் முழுக்கக் குவிந்து தோல் வெந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன்.

பயோமெடிக்கல் மதுரை

சிஸ்டர் சொல்வது சரி. அதோடு, "அலாரம் இல்லை" என்பதை நம்பி உட்காராதீர்கள். ஒற்றைப் பிளேட்டில் மெஷின் பார்ப்பது பிளேட் வயர் அறுந்திருக்கிறதா என்பதை மட்டும்தான். தோலில் ஒட்டியிருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. இரண்டு பாகமாகப் பிரிந்த பிளேட் போட்டால், பாகங்களுக்கு நடுவே உள்ள தடையை அளந்து, ஒட்டுதல் குறைந்தவுடன் மெஷின் கத்தும். உங்கள் மெஷின் அதை ஏற்குமா என்று பாருங்கள். ஏற்கும் என்றால் வாங்கச் சொல்லிச் சண்டை போடுங்கள்.

பெடல் சத்தத்துக்கும் இதே கதைதான். அது மெஷின் கரன்டை அனுப்பத் தயாராகிவிட்டது என்பதற்கான சத்தம். கம்பி வரை கரன்ட் போய்ச் சேர்ந்ததா என்று அது சொல்லாது.

நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்துவது "மூன்றாவது மிதியில் பட்டென்று". ஸ்னேரை மாற்றியும் சரியாகவில்லை. அப்படியென்றால் இரண்டு ஸ்னேருக்கும் பொதுவாக இருந்தது எது? மெஷினிலிருந்து கைப்பிடிக்கு வரும் கேபிள். அதைக் கழற்றி மல்டிமீட்டரில் இரு முனையும் வைத்து, பிளக் பக்கத்துக் கழுத்தை மெதுவாக வளைத்துப் பாருங்கள். நல்ல கேபிளில் எண் அசையாது. ஸ்னேரைப் பிளேட்டில் நேராகத் தொட்டுப் பொறி பார்க்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். கேஸ் இல்லாத நேரத்தில் பிளேட் மேல் ஒரு துண்டுக் கோழிக்கறி வைத்து, அதில் ஸ்னேர் போட்டுப் பாருங்கள், போதும்.

குடல் மருத்துவர்

தம்பி, அந்த அம்மாவுக்கு வந்தது பாலிப் எடுத்த பிறகு சிலருக்கு வரும் சூட்டுக்காயம். குடல்சுவர் முழு ஆழத்துக்கும் வெந்து, ஆனால் ஓட்டை விழாமல், காய்ச்சல், வலி, வெள்ளணு ஏற்றம் என்று வரும். வலப்பக்கக் குடல்சுவர் மெல்லியது என்பதால் அங்கே இந்த ஆபத்து அதிகம். பழி உங்கள் மேல் இல்லை. வாட்டை ஏற்றச் சொன்னது டாக்டர். அந்த இடத்தில் நின்று யோசித்திருக்க வேண்டியவரும் அவர்தான்.

1969-ல் நியூயார்க்கில் வுல்ஃபும் ஷின்யாவும் கோலோனோஸ்கோப் வழியாக வளையக் கம்பியால் பாலிப் எடுக்கத் தொடங்கியபோது கரன்ட் ஓடிய வட்டம்தான் இன்றும்: மெஷின், கேபிள், கம்பி, திசு, உடம்பு, பிளேட், திரும்ப மெஷின். கம்பி தொடும் இடம் சின்னது என்பதால் அங்கே சூடு. பிளேட் அகலமானது என்பதால் அங்கே சூடு இல்லை. வழக்கமான வாட்டில் வேலை நடக்கவில்லை என்றால் வட்டத்தில் எங்கோ பழுது. வாட்டை ஏற்றி வைத்துவிட்டு, விட்டுப்போன இணைப்பு தானாகச் சேர்ந்துகொண்டால், ஏற்றிய மொத்தமும் ஒரே நொடியில் குடலில் இறங்கும்.

ஸ்கோப் பக்கம் நாங்கள் பார்க்க வேண்டியவையும் உண்டு. பாலிப் தலை எதிர்ச்சுவரில் இடித்துக்கொண்டிருந்தால் கரன்ட் அந்த வழியாக ஒழுகும். கம்பி சலைன் குட்டையில் மூழ்கியிருந்தாலும் அப்படியே. பக்கத்தில் உலோகக் கிளிப் இருந்து கம்பி அதில் பட்டால் சூடு கிளிப் வழியாகச் சுவருக்குப் போகும். இறுக்கியதும் பாலிப்பைக் குடலின் நடுவுக்கு இழுத்து, லேசாக முன்னும் பின்னும் ஆட்டிப் பார்ப்பேன். சுவரும் சேர்ந்து ஆடினால் ஸ்னேரைத் தளர்த்திவிடுவேன். புது ஸ்னேரைப் பிரித்ததும் கம்பி உறைக்குள் முழுதாகப் போகும் இடத்தில் கைப்பிடியில் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். உள்ளே எவ்வளவு சதை சிக்கியிருக்கிறது என்பதை அந்தக் கோடு சொல்லிவிடும்.

10 மில்லிமீட்டருக்கு உட்பட்ட பாலிப்பானால் கரன்டே வேண்டாம். கோல்ட் ஸ்னேரால் வெறுமனே நறுக்குவதைத்தான் ஐரோப்பிய எண்டோஸ்கோபி சங்கம் பரிந்துரைக்கிறது.

எண்டோ டெக் (டெல்டா)

எல்லோருக்கும் நன்றி. மதுரை சார், கேபிள்தான்! மீட்டரை வைத்ததும் 0.4 ஓம் காட்டியது. கழுத்தை வளைத்தேன், எண் போய்விட்டது. விட்டேன், திரும்ப வந்தது. மேலே உறை கீறல் இல்லாமல் பளபளவென்று இருக்கிறது, உள்ளே செம்பு இழை முறிந்திருக்கிறது. தினமும் கழுவித் துடைத்ததும் உள்ளங்கையில் நாலு சுற்று இறுக்கிச் சுற்றி, கடைசிச் சுற்றில் பிளக்கை மடக்கிச் செருகி வைப்போம். அந்த மடிப்பு விழும் இடத்திலேயே முறிவு. இனி அகலமாக வளைத்துக் கொக்கியில் தொங்கவிடுவது என்று வார்டு பையனுக்கும் செய்து காட்டியிருக்கிறேன்.

புதுக் கேபிள் போட்டுக் கோழிக்கறியில் பார்த்தேன். 30 வாட்டில் முதல் மிதியிலேயே கம்பியைச் சுற்றி வெள்ளை வளையம் வந்தது. பிரிந்த பிளேட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம்.

சிஸ்டர் அக்கா, ஒரே ஒரு சந்தேகம். காம்புப் பாலிப் ஆள் திங்கட்கிழமை திரும்ப வருகிறார். இடது இடுப்பில் மூட்டு மாற்றியவர். பிளேட்டை எங்கே ஒட்டுவது?

ஸ்கோப் ரூம் சிஸ்டர்

வலது தொடையில், தம்பி, சதை நிறைந்த இடமாகப் பார்த்து. உலோகம் இருக்கும் பக்கம் வேண்டாம். இடப்பக்கம் சாய்ந்து படுக்கும்போது வலது தொடை மேலே இருக்கும், தண்ணீரும் அடியில் போகாது. பேஸ்மேக்கர் இருக்கிறதா என்றும் படுக்க வைப்பதற்கு முன்பே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.