புதுப்பிப்பு: 900 கோரோக் விதைகளும் கிடைத்துவிட்டன

'பிரெத் ஆஃப் தி வைல்ட்' வீடியோ கேமில் ஆங்காங்கே ஒளிந்திருக்கும் கோரோக் என்ற குட்டி வன ஆவிகளைக் கண்டுபிடித்தால் ஆளுக்கொரு விதை தரும். அதில் கடைசிச் சில விதைகள் அகப்படவே இல்லை என்று முன்பு புலம்பியிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி, வேலை முடிந்தது.

கைகொடுத்தது 'ஹீரோஸ் பாத்' யோசனைதான். கடைசி 200 மணி நேரம் நடந்த தடத்தை வரைபடத்தில் பச்சைக் கோடாகக் காட்டும். கோடே விழாத மலைச்சரிவுகளுக்குப் போய் கோரோக் முகமூடியை மாட்டிக்கொண்டேன். கண்டுபிடிக்காத கோரோக் பக்கத்தில் இருந்தால் முகமூடி குலுங்கும். ஏற்கெனவே பிடித்தது என்றால் அசையாது. ஹீரோஸ் பாத், முகமூடி இரண்டுமே தனியாகக் காசு கொடுத்து வாங்கும் டிஎல்சியில் (கூடுதல் தொகுப்பில்)தான் உண்டு.

எதிர்பாராதது பரிசுதான்: தங்க நிறத்தில் ஒரு மலக்குவியல்! அது கையில் இருந்தால், விதைகளை வாங்கிக்கொண்டு நம் பையைப் பெரிதாக்கும் ஹெஸ்டு என்ற பாத்திரம் நாம் கேட்டபோதெல்லாம் ஆடிக் காட்டும், அவ்வளவே. பையை முழுசாகப் பெரிதாக்க 441 விதையே போதும். வரைபடம் இன்னும் 100% ஆகவில்லை. பெயருள்ள சில பாலங்களை மிதிக்க வேண்டியிருக்கிறது.