புதுமைப்பித்தன் கண்காட்சி: பலகை வடிவமைப்பில் இரண்டு சந்தேகங்கள்

கேள்வி: கல்லூரி நூலகத்தில் புதுமைப்பித்தன் (1906–1948) கண்காட்சி. 2×3 அடியில் 12 பலகைகள், ஒரு மடிப்பிதழ். பழைய பத்திரிகைப் படங்களை ஸ்கேன் செய்தால் அலையலையாகக் கோடுகள் விழுகின்றன. தலைப்புக்குப் பழைய எழுத்து வடிவம் பொருந்துமா?

பதில் 1: அச்சுப் புள்ளிகளும் ஸ்கேனர் கட்டமும் மோதுவதால் வரும் அலை அது. 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), டீஸ்க்ரீன் (அச்சுப் புள்ளிகளை மழுப்பும் ஸ்கேனர் வசதி) வைத்து எடுங்கள். 6 அங்குலப் பக்கம் 3600 பிக்சல் தரும். 2 அடி அகலத்தில் அது 150 டிபிஐ, பலகைக்குப் போதும். லேமினேஷன் மேட் மட்டுமே. பளபளப்பானது விளக்கொளியில் வாசிக்கவே விடாது.

பதில் 2: 1978 தமிழ் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவம் அழகுதான். ஆனால் ‘புதுமைப்பித்தன்’ என்ற பெயரில் மாறிய எழுத்து ஒன்றுகூட இல்லை. ‘மை’ அன்றும் இப்படியே. அவருடைய ‘காஞ்சனை’ கதைப் பலகையில் செய்யுங்கள், யானைத் துதிக்கை போன்ற கொம்பு வைத்த பழைய ‘னை’ அங்கே பேசும். தலைப்புக்குக் கீழே வரும் உரையில் வேண்டாம், மாணவர்கள் தடுமாறுவார்கள்.

பதில் 3: இன்டிசைன் பக்க வடிவமைப்பு மென்பொருளில் வேர்ல்டு-ரெடி கம்போசர் என்ற எழுத்துக்கோப்பு அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ‘கொ’வின் கொம்பு இடம் மாறும். அச்சகத்துக்கு எழுத்தை அவுட்லைன் (எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவம்) ஆக்கிய பிடிஎஃப், சுற்றிலும் 3 மிமீ பிளீட் (வெட்டுக்கு வெளியே நீளும் பகுதி). சிறிய எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும். நான்கு நிறம் கலந்தால் ஓரம் மங்கும். மூன்றாக மடிக்கும் ஏ4 மடிப்பிதழில் உள்ளே மடியும் பக்கம் 97 மிமீ, மற்றவை 100.